உள்ளே வரும் காரணம் வேறு, தங்கும் காரணம் வேறு

சமூக ஊடகம் என்று ஒற்றைச் சொல்லில் சொன்னாலும், அது ஆளுக்கொரு வேலைக்குத்தான் பயன்படுகிறது. மகனைத் துபாய்க்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய்க்கு அது இரவு ஒன்பது மணி வீடியோ கால். கல்லூரி மாணவிக்குத் தோழிகளின் ஸ்டேட்டஸ். ஜவுளிக்கடைக்காரருக்குப் புதிதாக வந்து இறங்கிய சேலைகளை விரித்துக் காட்டும் இடம். கட்சிக்காரருக்கு மேடை. ஓய்வுபெற்ற ஆசிரியருக்குக் காலை வணக்கப் படங்கள் போகும் வழி. இவர்கள் அத்தனை பேர் கையிலும் இருப்பவை அதே நான்கைந்து செயலிகள். காரணம்தான் மாறுகிறது.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒருவர் எதற்காக உள்ளே வருகிறார் என்பது முதல் கேள்வி. வந்த வேலை முடிந்த பிறகும் ஏன் எழுந்து போகாமல் இருக்கிறார் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு அந்த மனிதரிடமும் அவர் வாழும் ஊரிலும் விடை இருக்கிறது. இரண்டாவதற்கான விடையில் பெரும்பகுதி செயலியின் அமைப்பில் இருக்கிறது.

வானொலி காலத்துக் கேள்வி

ஓர் ஊடகத்தை மக்கள் ஏன் நாடுகிறார்கள் என்ற ஆராய்ச்சி, சமூக ஊடகம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1940களின் தொடக்கத்தில் ஹெர்டா ஹெர்சாக் என்ற ஆய்வாளர், வானொலியில் பகல் நேரத் தொடர் நாடகங்களைக் கேட்கும் நியூயார்க் வட்டாரத்துப் பெண்களிடம் பேசினார். ஒரே மாதிரியான நாடகங்களைக் கேட்டவர்களிடம் மூன்று வேறு காரணங்கள் இருந்தன. சிலருக்கு மனப்பாரத்தை அழுது இறக்கிவைக்க அது ஒரு வழி. சிலர் தங்களுக்கு வாய்க்காத வாழ்க்கையை அதில் வாழ்ந்து பார்த்தார்கள். இன்னும் சிலர், கணவனிடமும் பிள்ளைகளிடமும் எப்படி நடந்துகொள்வது என்று அதிலிருந்து பாடம் எடுத்துக்கொண்டார்கள்.

1945 கோடையில் நியூயார்க் நாளிதழ் விநியோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு வாரத்துக்கும் மேலாக வீடுகளுக்குப் பத்திரிகை வரவில்லை. பத்திரிகை இல்லாமல் எதை இழந்ததாக உணர்கிறீர்கள் என்று பெர்னார்ட் பெரல்சன் வாசகர்களிடம் கேட்டறிந்தார். நாட்டு நடப்பு தெரியாமல் போய்விட்டது என்றுதான் பெரும்பாலோர் ஆரம்பித்தார்கள். எந்தச் செய்தியைத் தொடர முடியவில்லை என்று குறிப்பாகக் கேட்டபோது பலருக்குப் பதில் வரவில்லை. துருவிக் கேட்டபோதுதான் வேறு காரணங்கள் வெளியே வந்தன: நாலு பேரிடம் பேச விஷயம் இல்லை, கவலையை மறந்து சற்று நேரம் உட்கார வழியில்லை, கை பழகிய ஒன்று கையில் இல்லை. சொல்லும் காரணமும் உண்மைக் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஊடகம் மக்களை என்ன செய்கிறது என்று கேட்பதைவிட, மக்கள் ஊடகத்தைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்று கேட்பதே பயன் தரும் என்று 1959இல் எலிஹு காட்ஸ் வாதிட்டார். அவரும் சக ஆய்வாளர்களும் இஸ்ரேலில் நடத்தி 1973இல் வெளியிட்ட ஆய்வு, ஊடகத்திடம் மக்கள் எதிர்பார்க்கும் 35 தேவைகளைப் பட்டியலிட்டு ஐந்து கூறுகளாகப் பிரித்தது. அறிந்துகொள்வது, உணர்ச்சியை அனுபவிப்பது, தன் மதிப்பை உறுதிசெய்துகொள்வது, உறவைப் பேணுவது, மன இறுக்கத்தைத் தளர்த்துவது என்பவையே அவை. இன்றைய எந்தச் செயலிக்கும் இந்த ஐந்து கூறுகள் பொருந்துகின்றன. ஒரு வேறுபாடு உண்டு. அந்நாளில் ஒரு வேலையை நாளிதழும், இன்னொரு வேலையை வானொலியும், மற்றொரு வேலையைத் தபால்காரரும் பார்த்துக்கொண்டார்கள். இப்போது ஐந்துக்கும் ஒரே கதவு.

ஒன்பது ஊர்களில் ஒரு கேள்வி

அந்தக் கதவுக்குள் யார் எதற்காக நுழைகிறார்கள் என்பதை உலக அளவில் ஒப்பிட்டுப் பார்த்த பெரிய முயற்சி, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் மானிடவியலாளர் டேனியல் மில்லர் தலைமையில் நடந்தது. ஒன்பது ஆய்வாளர்கள் ஒன்பது ஊர்களில் ஆளுக்குப் பதினைந்து மாதம் தங்கினார்கள். அந்த ஆய்வு நூல்கள் 2016 முதல் வெளிவந்தன. பிரேசில், சிலி, இங்கிலாந்து, இத்தாலி, டிரினிடாட், துருக்கி ஆகிய நாடுகளில் ஓரோர் ஊரும், சீனாவில் ஒரு தொழில் நகரமும் ஒரு கிராமப்புற ஊரும், சென்னைக்கு அருகே ஓர் இடமும் அதில் அடங்கும்.

ஊருக்கு ஊர் விடை மாறியது. சீனத் தொழில் நகரத்தில், கிராமத்தை விட்டு வந்த இளம் தொழிலாளர்கள் ஆலையிலும் நெரிசலான தங்குமிடத்திலும் வாழ்ந்தார்கள். கார், அழகான வீடு, நாகரிக உடை என்று விரும்பிய வாழ்க்கையின் படங்கள் கியூகியூ என்ற சமூக ஊடகத்தில் அவர்களுடைய பக்கங்களில் நிறைந்திருந்தன. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்தது ஒரு குடிபெயர்வு என்றால், நகரத்திலிருந்து இணையத்துக்குப் போனது அவர்களுக்கு இரண்டாவது குடிபெயர்வு.

சிலியின் வட பகுதியில் உள்ள ஆல்டோ ஓஸ்பீசியோ, சுரங்கத் தொழிலாளர்கள் வாழும் ஊர். அங்கே யாரும் பகட்டாகத் தோன்ற விரும்பவில்லை. தாங்களும் மற்றவர்களைப் போல் சாதாரண மனிதர்கள்தாம் என்று காட்டுவதே அவர்கள் பதிவுகளின் நோக்கமாக இருந்தது. கார்னிவல் திருவிழாவுக்குப் பெயர்போன டிரினிடாட்டில் நிலைமை நேர்மாறு. ஒருவர் தன்னை எப்படி அலங்கரித்து வெளியே காட்டுகிறாரோ அதுவே அவருடைய உண்மை என்று கருதும் பண்பாடு அது. அங்கே படம் போடுவது தற்பெருமையாகாது. இங்கிலாந்துக் கிராமத்து மக்களோ, நெருங்கவும் விடாமல் விலகவும் விடாமல் மனிதர்களைச் சரியான தூரத்தில் நிறுத்திவைக்க ஃபேஸ்புக்கைப் பயன்படுத்தினார்கள். துருக்கியின் தென்கிழக்கில் உள்ள மார்தீன் நகரில், குடும்ப மானத்துக்குப் பங்கம் வராத படங்கள் பொதுப் பக்கத்தில் இருக்க, இளையோரின் காதல் பேச்சு யாருக்கும் தெரியாத தனிச் செய்திகளில் நடந்தது.

செயலி மனிதர்களை ஒரே அச்சில் வார்த்துவிடும் என்ற எதிர்பார்ப்பை இந்த ஆய்வு தளர்த்தியது. ஒவ்வோர் ஊரும் செயலியைத் தன் வழக்கத்துக்கு ஏற்ப வளைத்துக்கொண்டிருந்தது.

பஞ்சகிராமியில்

தமிழ்நாட்டுப் பகுதியை ஆராய்ந்தவர் ஸ்ரீராம் வெங்கட்ராமன். சென்னையை ஒட்டிய விவசாயக் கிராமங்களுக்கு நடுவே ஐ.டி. நிறுவனங்கள் எழுந்த இடம் அது. ஊரின் அடையாளம் தெரியாமலிருக்க அதற்குப் பஞ்சகிராமி என்று பெயரிட்டார். பரம்பரை உழவுக் குடும்பங்களும், வெளியூரிலிருந்து அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வந்த பொறியாளர்களும் ஒரே சாலையில் நடமாடும் ஊர்.

அங்கே குடும்பம் வாட்ஸ்அப்பில் இருந்தது. நட்பு ஃபேஸ்புக்கில் இருந்தது. நட்புகூடப் பெரும்பாலும் சாதி, வகுப்பு எல்லைகளைத் தாண்டவில்லை. திருமணமாகாத இளம்பெண்கள் கைபேசியைத் தொடுவதையே பல குடும்பங்கள் கட்டுப்படுத்தின. பெண்கள் பலர் தங்கள் முகத்துக்குப் பதிலாகப் பூ, குழந்தை, சாமி படம், நடிகையின் படம் ஆகியவற்றை டிபியாக வைத்தார்கள். இணையத்தில் பழக்கமானவர்களை அக்கா, அண்ணன் என்று உறவுமுறை சொல்லி அழைப்பது, பழகலாம் என்ற அனுமதியையும் இவ்வளவுதான் என்ற எல்லையையும் ஒருசேர வைத்தது. வீட்டுத் திண்ணையிலும் பேருந்திலும் இருந்த வழக்கம் அப்படியே திரைக்கு ஏறியது.

ஐ.டி. ஊழியர்களிடம் இன்னொரு காரணம் தெரிந்தது. வயலிலும் கைத்தொழிலிலும் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே கோடு கிடையாது. பிள்ளையும் சோறும் வேலையிடத்துக்கே வந்தன. அலுவலகம் அந்தக் கோட்டைப் போட்டது. பள்ளி விட்டு வந்த பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்கும் வாட்ஸ்அப் செய்தி அதை அழித்தது. வேலை நேரத்தில் கைபேசியை எடுப்பவர் வேலையைத் தவிர்க்கிறார் என்று மேலாளர் நினைக்கலாம். பல நேரங்களில் அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உறவைத் தேடுவோர்

மூத்த தலைமுறையையும் பிரிந்து வாழும் குடும்பங்களையும் உள்ளே அழைத்து வந்தது உறவுதான். வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களின் வீடுகளில் 1980களில் கடிதத்தோடு பேச்சைப் பதிவு செய்த கேசட்டும் வந்தது. இலங்கைப் போரில் சிதறி கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறிய தமிழர்களின் உறவினர், நிமிடத்துக்குக் காசு கொடுத்துத் தொலைபேசிக் கடைகளில் காத்திருந்தார்கள். இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ கைபேசிச் சேவை வந்து பல மாதங்களுக்கு இலவச டேட்டா கொடுத்த பிறகு, கிராமத்துப் பாட்டிக்கும் பேரன் முகம் பார்ப்பது செலவில்லாத காரியமானது.

ஆனால் ஒரே தொடர்பு இரு முனையிலும் ஒரே மாதிரி இனிப்பதில்லை. பிரிட்டனில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் தாய்மார்களையும் ஊரில் வளரும் அவர்களின் பிள்ளைகளையும் மிர்கா மதியானூவும் டேனியல் மில்லரும் ஆராய்ந்து 2012இல் நூலாக வெளியிட்டார்கள். மலிவான தொடர்பு, தொலைவிலிருந்தும் தாயாக இருக்க முடிகிறது என்ற நிறைவைத் தாய்மார்களுக்குத் தந்தது. பிள்ளைகளில் பலருக்கோ அது இடைவிடாத கண்காணிப்பாகவும் பட்டது.

குடும்பக் குழுக்களில் தினமும் வந்து விழும் காலை வணக்கப் படங்களைக் கேலி செய்வோர் உண்டு. அவற்றுக்கும் காரணம் இருக்கிறது. தகவல் எதுவும் இல்லாமல் உறவை உயிரோடு வைப்பதற்காக மட்டும் நடக்கும் பேச்சைப் பற்றி மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923இலேயே எழுதினார். எதிரே வருபவரிடம் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்பவர் அவருடைய உணவுக் கணக்கைக் கேட்பதில்லை. ரோஜாப்பூவோடு வரும் காலை வணக்கமும் அந்த ரகம்தான். அனுப்பியவர் நலமாக எழுந்திருக்கிறார், பெறுபவரை நினைத்தார் என்ற இரண்டு செய்திகள் அதில் உண்டு. தனியே வசிக்கும் முதியவரின் படம் ஒருநாள் வராவிட்டால் பிள்ளைகள் பதறுவது அதனால்தான்.

இளையோர்

பதின்வயதினர் திரைக்கு அடிமையாகிவிட்டார்கள் என்ற புகார் எங்கும் கேட்கிறது. அமெரிக்கப் பதின்வயதினரிடம் பல ஆண்டுகள் பேசிய டானா பாய்ட் 2014இல் வெளியிட்ட நூலில் வேறொரு விளக்கம் சொன்னார். அவர்கள் தேடியது சாதனத்தை அல்ல, நண்பர்களை. பெற்றோரின் அச்சம், நிரம்பி வழியும் கால அட்டவணை, சேர்ந்து சுற்ற இடமின்மை எல்லாம் சேர்ந்து நேரில் கூடும் வழியை அடைத்துவிட்டன. மிச்சமிருந்த கூடுமிடம் திரை. டியூஷனுக்கும் வீட்டுக்கும் நடுவே பொழுது முடிந்துவிடும் தமிழ்நாட்டு நகரத்துப் பிள்ளைகளுக்கும் இந்த விளக்கம் அந்நியமாக இருக்காது.

கூடுமிடம் என்றால் ஒப்பீடும் உண்டு. தன் திறமையையும் நிலையையும் அளக்க வேறு அளவுகோல் இல்லாதபோது மனிதர்கள் பிறரோடு ஒப்பிட்டே தங்களை அளக்கிறார்கள் என்பது லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் முன்வைத்த கோட்பாடு. அந்நாளில் ஒப்பிட வகுப்பும் தெருவும் இருந்தன. இப்போது பல நாட்டு அழகிகளும் பணக்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள். 2021இல் ஃபேஸ்புக் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த உள் ஆவணங்களில், தங்கள் உடலைப் பற்றி மோசமாக உணரும் பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதத்தினர், இன்ஸ்டாகிராம் அந்த உணர்வை மேலும் கூட்டுவதாகச் சொன்ன விவரம் இருந்தது.

மற்றவர்கள் தானின்றி மகிழ்ந்துகொண்டிருப்பார்களோ என்ற பதற்றம் இன்னொரு காரணம். ஆண்ட்ரூ பிஷிபில்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2013இல் அதை அளந்தார்கள். தன் விருப்பப்படி நடக்கும் உரிமை, ஏதோ ஒன்றில் திறமை, நெருக்கமான உறவு ஆகிய மூன்றும் குறைவாக வாய்த்தவர்களிடம் அந்தப் பதற்றம் கூடுதலாக இருந்தது. வாழ்க்கையில் எந்த இடம் காலியோ, அந்த இடத்தில் செயலி வந்து உட்காருகிறது.

பிழைப்புக்காக வருவோர்

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு குடும்பத்தினர் தாத்தாவை முன்னிறுத்தி வயல்வெளியில் பெரிய பாத்திரங்களில் சமைப்பதைப் படம்பிடித்து 2018இல் வில்லேஜ் குக்கிங் சேனலைத் தொடங்கினார்கள். 2021இல் அது ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனலானது. உழவு வேலை இல்லாத மாதங்களுக்கு ஒரு வருமானம் தேடும் பலருக்கு அது முன்னுதாரணம். யூடியூப் விளம்பர வருமானம் பெற ஓராண்டுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் 1,000 சந்தாதாரர்களும் வேண்டும் என்று 2018இல் விதி வந்தது. இந்தக் கணக்கு இன்று பல சிற்றூர்களில் மனப்பாடம்.

பிழைப்பைத் திரையில் வைத்தவருக்கு ஓர் ஆபத்தும் உண்டு: கடை அவருடையதல்ல. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தபோது, அங்கே பெயரும் வருமானமும் சேர்த்திருந்தவர்கள் பார்வையாளர்களை ஒரே நாளில் இழந்தார்கள். பலர் இன்ஸ்டாகிராமின் ரீல்ஸிலும் யூடியூபின் ஷார்ட்ஸிலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

வேலை தேடுவோரின் காரணத்தைச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இலேயே விளக்கிவிட்டார். பாஸ்டனுக்கு அருகே உள்ள நியூட்டன் நகரில், தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களிடம் அவர் விசாரித்தார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் ஆறில் ஒரு பங்கினர்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது சந்திக்கும் அறிமுகங்களே உதவின. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கமே புதிய செய்தியைக் கொண்டுவரும். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்து 2022இல் வெளியான ஆய்வும், வேலை மாற உதவுவதில் மிதமான பழக்கமே முன்னிற்பதைக் காட்டியது. பழைய வகுப்புத் தோழர் குழுவில் பேசாமலேயே பத்து ஆண்டுகள் இருப்பவரின் கணக்கு பிழையானது அல்ல.

பொதுக்காரியமும் கோபமும்

2015 டிசம்பர் முதல் நாளில் சென்னை மூழ்கியபோது, முன்பின் தெரியாதவர்கள் ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் பட்டியல் தயாரித்தார்கள்: எந்தத் தெருவில் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார், எந்த வீட்டில் தங்க இடம் உண்டு, எங்கே சாப்பாடு தயார். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட கூட்டத்துக்கு ஒற்றைத் தலைவர் கிடையாது. ஜனவரி 17 அன்று கூடத் தொடங்கியவர்களுக்குக் கைபேசியே அழைப்பிதழ். 23 அன்று சட்டமன்றம் ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் சட்டம் இயற்றியது. இலங்கையில் 2022இல் பொருளாதாரம் சரிந்து மக்கள் போராட்டம் எழுந்தபோது, ஏப்ரல் 3 அன்று அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. எதிர்ப்புக்குப் பிறகு அன்றே தடையை விலக்கியது. தன் கோபம் தனிமைப்பட்டதல்ல என்று தெரிந்துகொள்வதே இத்தகைய போராட்டங்களில் முதன்மையான உந்துதல்.

எந்தச் செய்தி பகிரப்படுகிறது என்பதிலும் உணர்ச்சிக்குப் பெரும் பங்கு உண்டு. நியூயார்க் டைம்ஸில் மூன்று மாதங்களில் வந்த ஏறத்தாழ 7,000 கட்டுரைகளை ஜோனா பெர்கரும் கேத்ரின் மில்க்மனும் ஆராய்ந்தார்கள். வியப்பையும் கோபத்தையும் கிளறியவை அதிகம் பகிரப்பட்டன. சோகம் தந்தவை குறைவாகப் பகிரப்பட்டன. சோகம் மனிதரை ஒடுங்க வைக்கிறது. கோபம் எழுப்பி நிறுத்துகிறது. பொய்ச் செய்தி புதுமையோடு வருவதால் இன்னும் வேகமாக ஓடுகிறது. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய 1,26,000 செய்திக் கதைகளை ஆராய்ந்த எம்ஐடி ஆய்வு, மெய்யைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்று 2018இல் காட்டியது.

பகிர்பவரின் நோக்கம் எப்போதும் கெட்டதாக இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த குடும்பத்தினர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் என்று சந்தேகித்த கூட்டம் தாக்கியதில் மூதாட்டி ஒருவர் இறந்தார். அதற்கு முந்தைய வாரங்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை அனுப்பியவர்களில் பலர், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நம்பியே அனுப்பினார்கள். இப்படிப்பட்ட கொலைகள் நாடெங்கும் நடந்த பிறகு, 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அக்கறையைத் தடுக்க முடியாது. அதன் வேகத்தைத்தான் குறைக்க முடிந்தது.

பேசாதவர்களும் வம்பிழுப்பவர்களும்

சத்தத்தைக் கேட்டு எல்லோரும் பேசுகிறார்கள் என்று நினைப்பது தவறு. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2019இல் கணக்கிட்டபோது, வயது வந்தோரின் ட்வீட்டுகளில் 80 சதவீதத்தை 10 சதவீதப் பயனர்களே எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தார்கள். ஊர்க் கூட்டத்தில் பின்வரிசையில் நின்று கேட்பவரைப் போல, அவர்களுக்குத் தெரிந்துகொள்வதே போதும். பேசினால் உறவினர், மேலாளர், பழைய ஆசிரியர் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள் என்ற தயக்கமும் வாயை அடைக்கிறது.

வம்பிழுப்பவர்களில் ஒரு சிலருக்குப் பிறர் துன்பத்தில் இன்பம். கனடா ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ட்ரோல் செய்வதில் மகிழ்ச்சி காண்போரிடம் அந்தக் குணம் தூக்கலாகத் தெரிந்தது. ஆனால் எல்லா வம்பும் பிறவிக் குணம் அல்ல. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் ஆய்வாளர்கள் 2017இல் நடத்திய சோதனையில், எளிய தேர்வு எழுதிவிட்டு வந்து நாகரிகமான உரையாடலில் கலந்துகொண்டவர்களில் 35 சதவீதத்தினர் சீண்டலாக எழுதினார்கள். கடினமான தேர்வில் எரிச்சலடைந்து, ஏற்கெனவே வசை தொடங்கியிருந்த உரையாடலுக்குள் வந்தவர்களில் அது 68 சதவீதமானது. காலையில் அலுவலகத்தில் திட்டு வாங்கியவர் மாலையில் யாரோ ஒரு நடிகரின் பக்கத்தில் அதை இறக்கிவைக்கிறார்.

எழுந்து போகவிடாத காரணம்

உறவு, நட்பு, பிழைப்பு, கோபம் என எதற்காக வந்தவரும் ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் இருப்பதற்கு வேறு காரணங்கள் உள்ளன. முதல் காரணம் மனிதரிடமே இருக்கிறது. தன்னைப் பற்றிப் பேசுவது இனிக்கிறது. ஹார்வர்டில் டயானா தமீரும் ஜேசன் மிட்செலும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைப் பற்றிச் சொல்லும்போது மூளையில் பரிசு கிடைக்கும்போது இயங்கும் பகுதிகள் இயங்கின. தன்னைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லும் வாய்ப்புக்காகப் பங்கேற்றவர்கள் தங்களுக்குக் கிடைக்கக்கூடிய பணத்தில் சராசரியாக 17 சதவீதத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

மற்ற காரணங்கள் செயலியின் அமைப்பில் உள்ளவை. 2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது. அதுவரை எண்ண முடியாமலிருந்த பாராட்டு அன்றிலிருந்து எண்ணாக மாறியது. 2006இல் ஏசா ராஸ்கின் உருவாக்கிய முடிவில்லாத திரையோட்டம், பக்கத்தின் அடி என்ற ஒன்றையே இல்லாமலாக்கியது. அந்த வடிவமைப்புக்காக அவர் பின்னாளில் வருந்தினார். அடுத்து வருவது நல்லதா சப்பையா என்று தெரியாததும் விரலை நிற்கவிடாது. எப்போது தானியம் விழும் என்று தெரியாத புறாதான் பொத்தானை ஓயாமல் கொத்தும் என்பதை உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர் ஆய்வகத்தில் காட்டியிருந்தார்.

மற்றவர்கள் அங்கே இருப்பதும் ஒரு பூட்டு. அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் லியோனார்டோ பூர்ஸ்டினும் சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. நான்கு வாரம் டிக்டாக்கை விட்டு விலக ஒரு மாணவர் சராசரியாக 59 டாலர் கேட்டார். இன்ஸ்டாகிராமுக்கு 47 டாலர். கல்லூரியில் அனைவரும் சேர்ந்து விலகுவதென்றால்? அப்படி நடப்பதற்குத் தாங்களே முறையே 28 டாலரும் 10 டாலரும் தரத் தயாராக இருந்தார்கள். தான் மட்டும் விலகினால் இழப்பு. எல்லோரும் விலகினால் ஆதாயம். அவர்களைப் பிடித்துவைத்திருந்தது செயலியின் மீதான ஆசையைவிட, தனித்து விடப்படும் அச்சம்.

பெரல்சனின் பழைய கேள்வியை 2018இல் ஸ்டான்ஃபோர்டு, நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புதிய வடிவில் கேட்டார்கள். ஏறத்தாழ 2,700 பேர் பங்கேற்ற ஆய்வில் ஒரு பகுதியினருக்குப் பணம் கொடுத்து நான்கு வாரம் ஃபேஸ்புக்கை விடச் செய்தார்கள். அவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மிச்சமானது. குடும்பத்தோடும் நண்பர்களோடும் கழித்த நேரம் கூடியது. தனியே தொலைக்காட்சி பார்த்ததும் கூடியது. நாட்டு நடப்பு அறிவு குறைந்தது. அரசியல் முறுக்கும் தளர்ந்தது. மனநிறைவு சிறிதளவு உயர்ந்தது. ஆய்வு முடிந்த பின் பெரும்பாலோர் திரும்பிப் போனார்கள், ஆனால் முன்பைவிடக் குறைவாகப் பயன்படுத்தினார்கள். வந்த காரணம் உண்மையானது என்பதால் திரும்பினார்கள்; தங்கிய நேரத்தில் ஒரு பகுதி அந்தக் காரணத்துக்காக அல்ல என்பதால் குறைத்துக்கொண்டார்கள்.

இந்த வேறுபாட்டை இப்போது சட்டமும் தொட்டிருக்கிறது. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை விதித்து 2024 நவம்பரில் ஆஸ்திரேலியா இயற்றிய சட்டம், 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப் ஆகியவை தடைக்குள் வந்தன. வாட்ஸ்அப் போன்ற செய்திப் பரிமாற்றச் செயலிகளுக்கு விலக்கு கிடைத்தது. தெரிந்தவரோடு பேச வருவது ஒரு பக்கம், யாரென்று தெரியாதவர்களின் ஓட்டத்தில் தங்கிப்போவது மறுபக்கம் என்று அந்தச் சட்டம் கோடு போட்டிருக்கிறது.